உலை அணையுமுன் கணக்கைத் தீர்க்க வேண்டும்



கொடியடுப்பைப் பற்றி நம் தாய்மார்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முன்னடுப்பில் சோறு கொதிக்கும். அங்கே எரியும் விறகின் அனல் உள்வழியாகச் சென்று, பக்கத்துக் கொடியடுப்பில் இருக்கும் குழம்பையோ வெந்நீரையோ சுடவைக்கும். ஒரு விறகில் இரண்டு வேலை. பொறியியல் படித்தவர்கள் இதே வழியைப் பெரிய அளவில் செய்து, வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த உற்பத்தி நிலையம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் அருகிலேயே இத்தகைய நிலையத்தை நிறுவி, சுரங்கத்துக்கு மின்சாரமும் குடியிருப்புக்கு வெப்பமும் கொடுத்துவந்த ஊர்கள் உலகத்தில் உண்டு.

சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைக்க வந்திருக்கும் நமக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் வட்டாரத்தில் நிலக்கரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் கரி இருக்கும் இடத்துக்கும் உலை இருக்கும் இடத்துக்கும் ஆள் போவது நம் வீடுகளிலிருந்துதான். நம் பாட்டன்மார் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். நம் பிள்ளைகள் அனல்மின் நிலையங்களுக்குப் பாய்லர் வேலைக்குப் போகிறார்கள்.

டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் நிலவரம் சீக்கிரம் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் முன்பு ஐந்து இளைஞர்கள் தெற்கே போகும் வண்டிக்கு டிக்கெட் கேட்டார்கள். தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. “என்ன வேலை தம்பி?” என்று கேட்டேன். “பாய்லர் ஷட்டவுன் வேலை சார், நாற்பது நாள்” என்றான் ஒருவன். “யாரிடம் வேலை?” என்றேன். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது மேஸ்திரிக்குத்தான் தெரியும் சார்” என்றான் மூத்தவன்.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலைப் பற்றியது. உலைக்குள் இறங்கப் போகிறவனுக்குத் தன் முதலாளி யாரென்று தெரியவில்லை. உலை எரியும்போதே இந்த நிலை என்றால், உலை அணையும் நாளில் அவன் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பான்?

சுரங்கமும் உலையும்

முதலில் இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். கரி எரிகிறது. பாய்லரில் தண்ணீர் நீராவியாகிறது. அழுத்தமான நீராவி டர்பைனைச் சுழற்ற, டர்பைன் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. சாதாரண அனல்மின் நிலையத்தில், எரித்த கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியாகவும் புகைபோக்கியின் வழியாகவும் வானத்துக்குப் போகிறது. ரயிலில் போகும்போது தூரத்தில் தெரியும் அந்த வெண்ணிற மூட்டம், காசு கொடுத்து வாங்கிய கரியின் வெப்பம் வீணாகிப் போகும் காட்சியே ஆகும்.

வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை வீணாக்காமல் குழாய் வழியே அனுப்புகிறார்கள். குளிர்நாட்டில் அது வீட்டைச் சூடாக்கும். நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து, முதலில் டர்பைனைச் சுழற்றிவிட்டு, அதே நீராவியால் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். இவ்வாறு செய்தால் எரித்ததில் முக்கால் பங்குக்கு மேலும் பயன்படுத்தலாம்.

சுரங்கத்தோடு சேர்ந்த மின்நிலையம் என்றால் அங்கே இன்னொரு பிணைப்பும் உண்டு. சுரங்கம் கரியைக் கொடுக்கிறது. உலை மின்சாரத்தைக் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தில்தான் மண்ணை வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. தண்ணீரை இறைக்கும் பம்பு ஓடுகிறது. கரியைச் சுமக்கும் பெல்ட் ஓடுகிறது. ஒன்று நின்றால் மற்றொன்றும் நிற்கும். இரண்டையும் நம்பி ஒரு ஊரே எழும்பி நிற்கும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் மூடுவிழா நடக்கும்போது ஒரு ஆலை மட்டும் மூடப்படுவதில்லை. ஊரின் அடுப்பே அணைந்துபோகிறது.

தங்கவயல் கற்றுக்கொடுத்த பாடம்

இது நம் மக்கள் ஏற்கெனவே அனுபவித்த விஷயம். குப்பத்தைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்து இறங்கியது. பழைய வட ஆர்க்காட்டிலிருந்தும், அதிலிருந்து 1911-இல் பிரிந்த சித்தூர்ப் பகுதியிலிருந்தும், சேலம் ஜில்லாவிலிருந்தும் நிலமற்ற தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் ஆதி திராவிடர்கள், அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஆரம்பத்தில் அங்கே ஆட்களை இறக்கி ஏற்றியதும் பாறையை நொறுக்கியதும் நீராவி இயந்திரங்களே. கோலாரில் கரி கிடையாது. கரியும் விறகும் வெளியிலிருந்து வர வேண்டும். செலவு கம்பெனியின் லாபத்தைத் தின்றது. ஆகவே மைசூர் சமஸ்தானம் காவிரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, 1902 ஜூன் மாதத்தில் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்கம்பிப் பாதைகளுள் அது ஒன்று. பெங்களூர் நகரத்துத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905-இல்தான்.

எண்ணிப் பாருங்கள். ஆசியாவில் எத்தனையோ பெரிய நகரங்கள் இருட்டில் இருந்தபோது தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சுரங்கத்தில் உழைத்தவனின் தட்டி வீட்டுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. இயந்திரத்துக்கு எது தேவை என்று கணக்குப் போட்டார்கள். மனிதனுக்கு எது தேவை என்ற கணக்கு அந்தப் புத்தகத்தில் எழுதப்படவில்லை.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். கீழே அனல், நுரையீரலில் கல்தூசி, எந்த நேரமும் பாறை வெடிக்கும் அபாயம். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால், அது வெறும் மைக் கறையைப் பற்றிய சண்டை அல்ல. மனிதனாக மதிக்க வேண்டும் என்ற சண்டை. 1956-இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962-இல் மத்திய அரசிடம் போயிற்று. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. கொடி மாறியது, முதலாளி மாறினார்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதே நிறுவனம் நம் குப்பம் பக்கத்தில் சிகரகுண்டாவிலும் பிசாநத்தத்திலும் நடத்திவந்த சுரங்கங்களும் அந்த ஆண்டோடு முடிந்தன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்த பூமியில் மிஞ்சியது என்ன? மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண் மலைகள். நம்மவர்கள் அதை ‘சயனைடு மலை’ என்கிறார்கள். காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. பாக்கித் தொகைக்கும் குடியிருந்த வீட்டின் உரிமைக்கும் மனு, வழக்கு, மறுபடியும் மனு என்று ஆண்டுகள் ஓடின.

தங்கவயல் பிள்ளைகளுக்கு மிஞ்சிய தொழிற்சாலை எது தெரியுமா? ரயில் வண்டி. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். சீசன் டிக்கெட்டுதான் அவர்களுக்குக் கிடைத்த மறுவாழ்வுத் திட்டம். மூடும் தேதி வந்த பிறகு பேச்சுவார்த்தைக்குப் போனால் இதுதான் கிடைக்கும் என்பதே தங்கவயல் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

நெய்வேலி

தங்கம் முடிந்த கதையைச் சொன்னேன். இனி, இன்றும் எரிந்துகொண்டிருக்கும் உலையைப் பார்ப்போம். சுரங்கமும் மின்நிலையமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்குத் தென்னாட்டில் நெய்வேலியைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. திருப்பதியில் இருக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு. அதன் இரண்டாவது அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்காமல் ஆந்திரா உட்படத் தென் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நம் வீட்டு விளக்கில் நெய்வேலியின் கரியும் கொஞ்சம் எரிகிறது.

கிணறு வெட்டும்போது கறுப்பு மண் வந்ததைக் கண்டு ஆராய வழிசெய்தவர் அந்த ஊர் ஜம்புலிங்க முதலியார். 1956-இல் மத்திய அரசு அங்கே நிறுவனத்தை அமைத்தது. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 1970-க்குள் ஒன்பது இயந்திரங்கள், மொத்தம் 600 மெகாவாட்.

நெய்வேலிக் கரி கல்லைப் போன்ற கரி அல்ல. ஏறத்தாழ பாதிக்குப் பாதி ஈரம். தூர ஊருக்கு வாகனில் ஏற்றி அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுத்ததாகும். ரயில்வேக்காரனான எனக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். ஆகவேதான் உலையைச் சுரங்கத்தின் ஓரத்திலேயே கட்டினார்கள். கரி பெல்ட்டில் ஏறி நேரே பாய்லருக்குப் போகிறது. கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் குழி பொங்கிவிடும். இறைக்கும் பம்புக்கும், மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும். சுரங்கமும் உலையும் எப்படி ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருக்கின்றன என்று பாருங்கள்.

ஆரம்பத்தில் திட்டம் போட்டவர்கள் மின்சாரத்தோடு நிற்கவில்லை. யூரியா உர ஆலை கட்டினார்கள். கரியைச் சுட்டு ‘லெக்கோ’ என்ற புகையில்லாத எரிபொருள் செய்தார்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஓட்டல்களிலும் லெக்கோ அடுப்பு எரிந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கரியிலிருந்து பல பயன் என்ற கொடியடுப்பு எண்ணம் அங்கே இருந்தது. லாப நஷ்டக் கணக்கில் அந்த ஆலைகள் பிறகு மூடப்பட்டன. முன்னடுப்பு மட்டும் மிஞ்சியது.

முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டுகள் ஓடி, 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதே 2020-ஆம் ஆண்டில்தான் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் இரண்டு பாய்லர் விபத்துகள் நடந்தன. மே 7-ஆம் தேதி ஆறாவது யூனிட்டில். ஜூலை 1-ஆம் தேதி ஐந்தாவது யூனிட்டில். ஜூலை விபத்தில் ஆறு பேர் அன்றே மாண்டார்கள். காயம்பட்டவர்களில் மேலும் பலர் மருத்துவமனையில் ஒவ்வொருவராக மாண்டார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். சாதாரண நாளில் இவர்கள் கூலிப் புத்தகத்தில் ஒரு எண். விபத்து நடந்த நாளில்தான் இவர்களுக்குப் பெயரும் ஊரும் இருப்பது நாட்டுக்குத் தெரிகிறது.

சுற்றியுள்ள கிராமத்தாரின் குறையும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாம் பார்த்தோம். நஷ்ட ஈடு கொடுத்தாயிற்று என்றது ஒரு தரப்பு. வளர்ந்த பயிரை அறுக்கும்வரையாவது பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். நிலம் உள்ளவனுக்காவது ஈடு என்ற பேச்சு உண்டு. அந்த வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த நிலமற்ற கூலிக்கு எந்தக் காகிதத்தில் ஈடு எழுதப்பட்டிருக்கிறது? அப்படி வேலை இழந்தவர்கள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வேற்றூர் ரயிலேறுகிறார்கள். நம்மில் பலருடைய குடும்பக் கதையும் அதுவே.

வடதுருவத்தின் பக்கத்தில் ஒரு ஊர்

மூடுவதைத் திட்டமிட்டுச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காக வெகு தூரத்து உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். வடதுருவத்துக்கு அருகில், நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்யியர்பியன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வசிக்கிறார்கள். குளிர்காலத்தில் சில மாதங்கள் அங்கே சூரியனே உதிப்பதில்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்காக உண்டான ஊர் அது. ஏழாம் எண் சுரங்கத்தின் கரியை எரித்து, மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே நிலையத்திலிருந்து கொடுத்துவந்தார்கள். நாம் முதலில் பேசிய கொடியடுப்பு முறை அதுதான்.

அங்கே உலை அணைந்தால் விளக்கு மட்டுமல்ல, வீடே உறைந்துபோகும். ஆகவே மாற்று ஏற்பாடு இல்லாமல் மூடுவதற்கு எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. 2023 அக்டோபரில் கரி உலையை நிறுத்தியபோது, டீசல் இயந்திரங்களை முன்பே நிறுத்தி வைத்து, வெப்பக் குழாயில் சூடு குறையாமல் மாற்றினார்கள். உலை நின்ற பிறகும் சுரங்கம் ஏற்றுமதிக்காகக் கொஞ்ச காலம் ஓடி, 2025 ஜூன் மாதத்தில் மூடப்பட்டது. அதே தீவில் ஸ்வேயா என்ற பெரிய சுரங்கத்தை மூட 2017-இல் முடிவு செய்த நார்வே அரசு, கட்டடங்களைப் பிரித்து, இரும்பை அகற்றி, நிலத்தை இயற்கையிடம் ஒப்படைக்கும் வேலையைத் தன் செலவில் செய்து 2023-இல் முடித்தது. தங்கவயலின் சயனைடு மலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற இடத்திலேயே நிற்பதை இத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. டீசல் செலவு அவர்களைக் கடித்தது. அங்கே ஓட்டலிலும் துப்புரவிலும் வேலை செய்ய வந்த தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மக்கள் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்களே. நார்வேயின் பெருநிலத்தில் மூன்றாண்டு வசித்திராத வெளிநாட்டார் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். மண்ணுக்குக் காட்டிய அக்கறை வெளியூர்த் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. எந்த நாடானாலும் கணக்குப் புத்தகத்தில் நம் பெயரை நாமேதான் எழுதவைக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இரு தரப்பாரும் விட்டுவிடும் ஆள்

இன்று கரியைப் பற்றி இரண்டு கூட்டம் பேசுகிறது. பூமி சூடாகிறது, கரி உலைகளை மூடு என்கிறது ஒரு கூட்டம். அவர்கள் சொல்லும் விஞ்ஞானத்தை நான் மறுக்கவில்லை. வெயிலில் தண்டவாளத்தில் வேலை செய்பவனும், கட்டடத்தில் சட்டி சுமக்கும் பெண்ணும் அந்தச் சூட்டை மற்றவர்களுக்கு முன்பே உணர்கிறார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மூடாதே என்கிறது மற்றொரு கூட்டம். அதிலும் நியாயம் இருக்கிறது. ராத்திரி விளக்கெரிய வேண்டும், ஆஸ்பத்திரி ஓட வேண்டும். 2070-க்குள் கரியமில வாயுக் கணக்கை நேர்செய்வோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். ஆகவே நாளைக்கே எல்லாம் மூடப்படாது. என்றைக்கும் எரியப் போவதும் இல்லை. நெய்வேலியின் முதல் நிலையத்துக்குக் கிடைத்த ஆயுள் 58 ஆண்டு என்றால் மற்ற நிலையங்களுக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு.

இரு கூட்டத்தாரும் மெகாவாட் பேசுகிறார்கள், டன் பேசுகிறார்கள், கோடி பேசுகிறார்கள். ஷட்டவுன் வேலைக்குப் போகும் அந்த ஐந்து இளைஞர்கள் எந்தப் பேச்சிலும் வருவதில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு உலை மூடினால் மற்றொன்றுக்கு மாற்றல் கேட்க வழி இருக்கிறது. கையில் சர்வீஸ் புத்தகம் இருக்கிறது, பின்னால் சங்கம் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு? பத்து வருஷம் அதே பாய்லரைத் துப்புரவு செய்திருந்தாலும், காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் சர்வீஸ் அறுந்து, அவன் முதல் நாள் ஆளாகிவிடுகிறான். கிராஜுவிட்டிக்குத் தொடர்ச்சியான சேவை கேட்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியின் மாதப் பென்ஷனுக்குப் பத்தாண்டு கணக்குக் கேட்கிறார்கள். நாலு காண்ட்ராக்டரிடம் நாலு கணக்கு வைத்திருப்பவன் எப்படிக் காட்டுவான்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. வேலைக்கு அழைத்துப் போகிறவன் இடப்பெயர்ச்சிப் படி கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் வாங்கினோம்? இவ்விரண்டு சட்டங்களும் 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. புதியதில் பயணப் படி இருக்கிறது. பழைய இடப்பெயர்ச்சிப் படியைக் காணவில்லை. வாங்காத உரிமை எடுக்கப்படும்போது சத்தமே கேட்பதில்லை, தோழர்களே.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, கரி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் யார் பக்கம் கைதட்டுவது என்று நாம் குழம்ப வேண்டியதில்லை. உலை எரிந்தாலும் அணைந்தாலும் நம் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதே நம் பக்கம். அதற்கு எரியும்போதே எழுதி வாங்க வேண்டும். டர்பைன் சுழலும்வரைதான் தொழிலாளியின் கைக்குப் பலம். நின்றுபோன இயந்திரத்தின் முன்னால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

ஒன்று: சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் உழைக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும், உழைத்த நாட்களும், காண்ட்ராக்டரின் புத்தகத்தோடு நில்லாமல் மூல நிர்வாகத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். காண்ட்ராக்டர் மாறினாலும் சேவை ஒன்றாகவே கணக்கிடப்பட வேண்டும்.

இரண்டு: நின்ற பாய்லரை மறுபடி மூட்டும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். அந்நேரத்தில் வேலைக்குத் தேவையில்லாத ஒரு ஆளும் அருகில் இருக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளரின் பிரதிநிதியும் பாதுகாப்புக் குழுவில் உட்கார வேண்டும்.

மூன்று: நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவதற்கான திட்டத்தையும் பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்று 2009 முதலே மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்தத் திட்டத்தில் குழியை நிரப்புவதற்கும் மரம் நடுவதற்கும் உள்ள விவரத்தைப் போல, மனிதனை எங்கே நிறுத்துவது என்ற விவரமும் வேண்டும். வேலை இழப்பவனுக்கு எத்தனை மாதச் சம்பளம், என்ன தொழிற்பயிற்சி, வீடு யாருக்கு, வைத்தியம் யார் செலவில் என்று எழுத வேண்டும்.

நான்கு: 2015-க்குப் பிறகு சுரங்க வருமானத்தில் ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது. அந்தப் பணம் சாலைக்கும் கட்டடத்துக்கும் மட்டும் போகாமல், நிலமிழந்த கூலிகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து அங்கே குடியிருக்கும் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கும் போக வேண்டும்.

ஐந்தாவது, அரசிடமோ நிர்வாகத்திடமோ கேட்க வேண்டியதல்ல. நாமே செய்ய வேண்டியது. சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சித்தூரிலிருந்தும், திருப்பதியிலிருந்தும், ரேணிகுண்டாவிலிருந்தும், குப்பத்திலிருந்தும் வெளியூர் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் புறப்படுமுன் ஐந்து விஷயங்களை எழுதிவைக்க வேண்டும்: எந்த ஊர், எந்த நிலையம், காண்ட்ராக்டர் யார், மேஸ்திரியின் போன் நம்பர் என்ன, வருங்கால வைப்பு நிதி எண் என்ன. எழுதத் தெரியாதவருக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். திரும்பி வந்ததும் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி கைக்கு வந்தது என்பதையும் எழுதட்டும். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். நாளைக்கு விபத்தானாலும், கூலி பாக்கியானாலும், நிலையமே மூடினாலும், அதிகாரியின் மேஜையில் வைப்பதற்கு நம்மிடம் ஒரு காகிதம் இருக்கும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மகனுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக் கொடுக்கும்போது, “காண்ட்ராக்டர் பேர் என்னப்பா?” என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியவில்லை என்றால், மேஸ்திரியைக் கூப்பிட்டு நீங்களே கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கினால், அந்த வண்டியை அவன் விட்டுவிடட்டும். அடுத்த வண்டி உண்டு. இதை ரயில்வேக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

தங்கவயலில் நம் பாட்டன்மார் தோண்டிய தங்கம் எந்தெந்த நாட்டுப் பெட்டகத்திலோ இருக்கிறது. அவர்கள் பெயர் எழுதிய புத்தகம் நம் வீட்டில் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகளின் பெயராவது எழுதப்படட்டும். அடுத்த முறை அந்த ஐந்து இளைஞர்கள் என் ஜன்னலுக்கு வரும்போது, யாரிடம் வேலை என்று நான் கேட்டால், ஐவரும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.